தென்சேரிக்காரி

சண்டை பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். காலையில் வேலைக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே யாரையாவது வம்புக்கு இழுத்துவிடுவார். சமையற்காரி, பால் கொண்டு வருகிறவர், வாசற் காவற்காரர், படியில் படுத்திருக்கிற நாய் என்று எல்லோருக்கும் அன்றைய பங்கு கிடைத்துவிடும். எனக்கும் கிடைக்கும். நான் அந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் என்பதால், என்னுடைய பங்கில் மட்டும் "மிஸ்" என்று ஒரு மரியாதையைச் சேர்த்துக்கொள்வார்.

செங்கலடியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் பாதையில் இருந்தது இல்லம். வயதான பெண்களுக்கானது. ஒரே ஒரு நீண்ட மண்டபம், நடுவில் நடக்க வழி, வடக்கே ஒரு வரிசைக் கட்டில், தெற்கே ஒரு வரிசைக் கட்டில். அங்கே அவர் அட்டென்டன். எழும்ப முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, புரட்டிப் படுக்கவைப்பது, மலசலம் எடுப்பது எல்லாம் அட்டென்டன்மாரின் வேலை. கட்டையான, அகன்ற உருவம் அவருக்கு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் அவர் வந்தால் தூங்குகிறவர்கள் எழும்பிவிடுவார்கள். ஏற்கெனவே எழும்பியிருப்பவர்கள் தூங்குவதாக நடிப்பார்கள்.

நான் பொறுப்பெடுத்த அன்று, என் பெயரைக் கேட்பதற்கு முன்னமே, "நீங்க எந்தச் சேரி மிஸ்?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்பு இழுக்கிற விளையாட்டொன்று உண்டு. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து இழுக்கும். ஒரு பக்கம் வடசேரி, மற்றப் பக்கம் தென்சேரி. யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டுக் கட்டிப் பழிப்பார்கள், யாரும் கோபிக்கக் கூடாது. சேரி என்பது பிறப்போடு வருவது. ஒரே வீட்டில் புருஷன் ஒரு சேரியும் பெண்சாதி மறு சேரியுமாக இருந்து, திருவிழா முடியும்வரை ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொண்டிருப்பார்கள். நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு, இந்தச் சண்டை பல ஊர்களில் நின்றுபோனது.

"எங்கட வீட்டில அதெல்லாம் பாக்கிறல்ல" என்றேன்.

"பாக்காட்டியும் இருக்கும் மிஸ். ஒரு பக்கமும் இல்லாத மனிசர் எங்க இருக்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நீங்க நடுவால நடங்க. சம்பளம் குடுக்கிற ஆளுக்குச் சேரி கூடா."

அன்றிலிருந்து அந்த மண்டபத்தின் நடுவழி என்னுடையதானது. ஒரு கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து இருமல் கேட்கும்.

அவர் கல்குடாக்காரி. கடல் ஊருக்குள் வந்த அன்று வீடு போனது, வள்ளம் போனது, புருஷனும் போனார். மிஞ்சியது மாமியார் மட்டும். மாமியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓடிய ஓட்டத்தில் விழுந்து மாமியின் இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் இல்லத்துக்கு மாமியைக் கொண்டுவந்து சேர்த்தவர், அடுத்த நாள் நல்லாப் பார்க்கிறார்களா என்று பார்க்க வந்தார். பார்த்த விதம் பிடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் தானே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

மாமி பிறப்பால் வடசேரி. இவர் தென்சேரி. கலியாண வீட்டிலேயே தொடங்கிய போர் என்று மாமியே பெருமையாகச் சொல்வார்.

"இவள் என்னத் தூக்கினதாம்" என்பார் மாமி, வருகிற போகிற எல்லோரிடமும். "நான்தான் கா இவட கழுத்தப் புடிச்சி வழி காட்டினன். இல்லாட்டி இவள் கடலப் பாத்துத்தான் ஓடியிருப்பாள்."

"காட்டின வழி முள்ளுப்பத்தை!" என்று இவர் தெற்கு வரிசையிலிருந்து கத்துவார். "இஞ்ச பாருங்க மிஸ், இன்னும் தழும்பு கிடக்கு."

போனவரைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. ஒருவருக்கு மகன், மற்றவருக்குப் புருஷன். பேச்சு அந்தப் பக்கம் திரும்புவதாகத் தெரிந்தால் இருவரில் ஒருவர் சட்டென்று வேறொரு சண்டையைத் தொடங்குவார். மற்றவர் ஓடிவந்து அதில் சேர்ந்துகொள்வார். எனக்கு அந்த நேரங்களில் அழுகை வரும். சிரிப்பும் வரும், அதுதான் கஷ்டம்.

கடல் வந்த அடுத்த வருடம் எங்கள் பாதையெல்லாம் வெள்ளை ஜீப்புகள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு நிவாரண அலுவலகம். கொஞ்சம் எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் மேசையும் மின்விசிறியும் வேலையும் காத்திருந்தன. எங்கள் அட்டென்டன் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஒரு பக்கம் மின்விசிறி, மறுபக்கம் மலச்சட்டி. யாராயிருந்தாலும் எதைப் பிடிப்பார்கள்?

நான் படித்தவள் அல்லவா, படித்தபடி செய்து பார்த்தேன். 'இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்' என்று ஒரு பிள்ளையின் படத்தைச் சுவரில் மாட்டினேன். அவள் அந்தப் படத்தையும் பட்டத்தையும் நேர்முகத்தில் சொல்லியே ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் படத்தை மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை.

நிர்வாக சபையிலிருந்து வந்தவர்கள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடுவழியில் நின்றே முடிவைச் சொன்னார்கள். ஆள் இப்படிக் குறைந்துகொண்டு போனால், படுக்கையில் கிடப்பவர்களை மலைநாட்டுப் பக்கம் உள்ள ஒரு பெரிய இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அங்கே வசதி உண்டு. அந்த இல்லத்தில் தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் அநேகமாக இல்லை. அனுப்ப வேண்டியவர்களில் முதல் ஆள் அவருடைய மாமி.

அவர்கள் போன பிறகு என் அறைக்குள் வந்தார். முதற்தடவையாகச் சத்தமில்லாமல் பேசினார்.

"அங்க மாமி ஆரோட மிஸ் சண்டை பிடிக்கிற? சிங்களத்தில ஏச மாமிக்குத் தெரியா."

"ஆள் வேணுமே. நான் எங்க போய்ப் பிடிக்கிறது?"

"பிடிக்கத் தேவையில்ல. வாறவளுகள் போகாமப் பாத்தாச் சரி" என்றார். பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "உங்கட படம் மாட்டுற வேலைய மட்டும் விடுங்க."

மறுநாள் மண்டபம் இரண்டானது. தெற்கு வரிசை தென்சேரி, வடக்கு வரிசை வடசேரி. அட்டென்டன்மாரும் அப்படியே பிரிக்கப்பட்டார்கள். தென்சேரிக்கு அவரே தலைவி. வடசேரிக்குத் தலைவி இல்லாமல் எப்படி? ஓட்டமாவடியிலிருந்து புதிதாக வந்திருந்த றிஸ்னாவைப் பிடித்தார்.

"எங்கட ஆக்களுக்குச் சேரியெல்லாம் இல்ல அக்கா. உம்மாட்டக் கேட்டன், உம்மா சிரிக்கிறா" என்றாள் அவள்.

"ஓட்டமாவடி எந்தப் பக்கம்?"

"வடக்க."

"பிறகென்ன? நீ வடசேரி. உம்மாட்டச் சொல்லு."

போட்டி எதில் என்றால், பிழை பிடிப்பதில். தென்சேரி அட்டென்டன்மார் வடக்கு வரிசைக்குப் போய் ஒவ்வொருவரின் முதுகையும் குதிக்காலையும் பார்ப்பார்கள். சிவந்த இடம் ஒன்று கிடைத்தால், புரட்டிப் படுக்கவைக்கவில்லை என்று அர்த்தம். வென்றாயிற்று. வடசேரிக்காரிகள் இந்தப் பக்கம் வந்து நகத்தைப் பார்ப்பார்கள், காதுக்குப் பின்னால் பார்ப்பார்கள், தலைமயிரை முகர்ந்து பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தீர்ப்பு. வென்ற வரிசை தோற்ற வரிசையைப் பாட்டுக் கட்டிப் பழிக்கும். பாட்டுக் கட்டுவது கட்டிலில் கிடப்பவர்களின் பொறுப்பு. எழும்ப முடியாவிட்டால் என்ன, நாக்குக்கு ஒரு குறையுமில்லை.

"வடசேரிக் கட்டிலெல்லாம் வாடிப்போய்க் கிடக்குதடி,
தென்சேரிச் சோத்துப்பானை தெருவெல்லாம் மணக்குதடி!"

பல் இல்லாத வாய்களால் இதைப் பாடிக் கேட்க வேண்டும். எதிர்வரிசையில் மாமி காதைப் பொத்திக்கொண்டு, "மணக்கல்ல கா, நாறுது!" என்று கத்துவார்.

இதில் ஒரு தந்திரம் இருந்தது. மாமி வடசேரி என்பதால், மருமகள் மாமியைத் தொட்டுப் பராமரிக்கக் கூடாது, அது றிஸ்னாவின் வேலை. ஆனால் பிழை பிடிக்கப் போகலாமே. ஒவ்வொரு நாளும் மாமியின் கட்டிலுக்குப் போய், முதுகு, இடுப்பு, குதிக்கால் எல்லாம் தடவித் தடவிப் பார்ப்பார். "ஒரு புண்ணும் கிடைக்குதில்லையே" என்று அலுத்துக்கொண்டு திரும்புவார். அந்த அலுப்பில் இருந்த சந்தோசத்தை மறைக்க அவருக்கு ஒருநாளும் தெரியவில்லை.

எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்று சொன்னால் பொய். போனார்கள்தான். ஆனால் சும்மா போகவில்லை. தன் பக்கத்தில் ஆள் குறைந்தால் அந்த வெள்ளிக்கிழமை தோல்வி என்பதால், போகிறவள் தங்கச்சியையோ மச்சாளையோ கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனாள். அப்படி விடாமல் போனவள் றிஸ்னா மட்டும். வாழைச்சேனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, ஒரு வியாழக்கிழமையோடு நின்றுவிட்டாள். அடுத்த நாள் தென்சேரி பாடிய பாட்டு, மாமியே வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி இருந்தது. தன் தலைவியைப் பற்றிய பாட்டு என்பதை மறந்து சிரித்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, றிஸ்னா பழம் வாங்கிக்கொண்டு எல்லோரையும் பார்க்க வந்தாள். வடக்கு வரிசையை ஒரு பார்வை பார்த்தவள் பழத்தை என் கையில் தந்துவிட்டு, மாமியின் தலையை முகர்ந்தாள். பிறகு அபாயாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள்.

"அங்க என்ன குறை?" என்று கேட்டேன்.

"ஒரு குறையுமில்ல மிஸ். ஒருத்தரும் என்னோட கொளுவிறல்ல. காலைல 'குட் மோர்னிங்', பின்னேரம் 'பாய்'. விசர் புடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அந்த அலுவலகத்தையே மூடப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருமுறை அவருக்கே பெரிய பிழை ஒன்று நேர்ந்தது. பாரிசவாதத்தில் பேச்சுப்போன ஒரு அம்மாவைத் தெருவில் கண்டவர்கள் எங்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நெற்றியைப் பார்த்தாலே தெரியும், தென்சேரி என்று இவர் தீர்ப்புச் சொல்லி, தெற்கு வரிசையில் படுக்கவைத்தார். அந்த அம்மா பேச முடியாவிட்டாலும், வெள்ளிக்கிழமைகளில் நல்ல கையால் கட்டிற் சட்டத்தில் தாளம் போடுவார். நீண்ட காலத்துக்குப் பிறகு உறவுக்காரர் ஒருவர் தேடி வந்து, அவர்கள் பரம்பரை பரம்பரையாக வடசேரி என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபம் அதிர்ந்தது. இவ்வளவு நாளும் எதிரிக்குத் தாளம் போட்டிருக்கிறார்! வடசேரிக்காரிகள் கட்டிலையே இழுத்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள். அந்த அம்மா நல்ல கையால் ஜன்னற் கம்பியைப் பிடித்த பிடியை நாங்கள் நாலு பேர் சேர்ந்தும் விடுவிக்க முடியவில்லை. இவர் தன் நெற்றிச் சாத்திரம் பிழைத்துப்போனதை ஒப்புக்கொள்ளாமல், "சொந்தக்காரன் பொய் சொல்றான்" என்று முடித்துவிட்டார்.

அந்த வருடங்களில்தான், வெளிநாட்டு உதவியில் ஒரு பயிற்சியாளர் வந்தார். பராமரிப்பு வேலையில் ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று ஆராய்பவர். எல்லோரையும் வட்டமாக இருத்தி, "உங்கள் தொழிலில் உங்களுக்கு மிகுந்த திருப்தி தருவது எது?" என்று இவரைக் கேட்டார்.

"அவளுகள் தோக்கிறது" என்றார் இவர், எதிரே இருந்த றிஸ்னாவைக் காட்டி.

பயிற்சியாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய தாளில் 'குழு உணர்வு' என்று எழுதினார்.

பிறகு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், யுத்தம் மீண்டும் மூண்டது. தலைக்கு மேலால் செல் குண்டு போகும். கட்டில்கள் அதிரும். பதுங்கச் சொன்னால் எழும்ப முடியாதவர்கள் எங்கே பதுங்குவது? அவர் என்ன செய்தார் தெரியுமா, நடுவழியில் வந்து நின்றுகொண்டு, போன வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு பிழையென்று மாமியோடு சண்டையைத் தொடங்கினார். வெளியே அடிக்க அடிக்க உள்ளே குரல் ஏறியது. இரண்டு வரிசையும் சேர்ந்து கத்தியது. பயத்தில் கத்தினோமா, சண்டையில் கத்தினோமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நானும் கத்தினேன்.

வடக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன காலத்தில் மாமி போனார். நோய் ஒன்றுமில்லை. மத்தியானம் மருமகள் முதுகைத் தடவிப் பார்க்க வந்தபோது, "கிடைச்சுதா?" என்று கேட்டாராம். "இல்ல" என்றதும் சிரித்தாராம். பின்னேரம் மூச்சு நின்றுவிட்டது. இவர் அழவில்லை. வடசேரிக்காரிகளை விலக்கிவிட்டு, அன்று மட்டும் தானே மாமியைக் குளிப்பாட்டினார்.

முப்பத்தோராம் நாள் செய்வதற்கு ஊருக்குப் போனார். போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவரை இங்கே கட்டிவைத்திருந்தது மாமி. மாமி இல்லை. கல்குடாவில் புதிதாக ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன, அவருடைய தம்பி சமையல் வேலையொன்று பேசிவைத்திருந்தார். சொந்த வளவுக்குப் பக்கத்திலேயே வேலை. முப்பத்தோராம் நாள் முடிந்தும் அவர் வரவில்லை.

மண்டபம் சத்தமில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. முதுகு பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் ஹோட்டல் வேலைக்கு எப்படி எழுதிப் போடுவது என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நிர்வாக சபைக்காரர் ஒருவர் தொலைபேசியில், மலைநாட்டு இல்லத்தில் இப்போதும் இடமிருக்கிறது என்று நினைவூட்டினார். எனக்கு அழுகை வந்தது. ஓர் அட்டென்டன் போனதற்குப் பொறுப்பாளர் அழலாமா? கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த நாட்களில்தான் மாமியின் கட்டிலுக்குப் புது ஆள் வந்தார். வன்னியிலிருந்து முகாமுக்கும் முகாமிலிருந்து எங்களுக்கும் அனுப்பப்பட்ட ஒரு அம்மா. கூட வர ஒருவரும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சோறு வேண்டாம். பேச்சு வேண்டாம். யாராவது கிட்டப் போனால் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். றிஸ்னா கெஞ்சிப் பார்த்தாள், நான் கெஞ்சிப் பார்த்தேன்.

ஒரு காலை, கல்குடா பஸ்ஸிலிருந்து அவர் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறையக் கூனி இறால். விடைபெற வந்தவர் சும்மா வரக்கூடாதென்று கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினார். யாரையும் ஏசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பையைச் சமையற்காரியிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவழியால் வந்து, வடக்குப் பக்கம் திரும்பினார்.

"தென்சேரி அங்கால" என்றாள் றிஸ்னா.

"தெரியும். உங்கட பக்கம் ஒரு ஆள் குறைஞ்சு கிடக்கு. இனி நான் வடசேரி."

தெற்கு வரிசை முழுவதும் எழும்பி உட்கார்ந்துவிட்டது, எழும்ப முடியாதவர்கள் உட்பட. "சேரி மாற ஏலாது கா!" "துரோகி!" "மாமிட பக்கம் போயிட்டாள் பாருங்க!" அவர் திரும்பியும் பார்க்கவில்லை. புது அம்மாவின் கட்டிலில், இடுப்பால் இடித்து இடம் பிடித்து உட்கார்ந்தார். போர்வையை விலக்கினார்.

"நீங்க வடசேரி" என்றார்.

அந்த அம்மா, வந்த நாளிலிருந்து முதற்தடவையாக, வாய் திறந்தார். "அது என்ன இயக்கம் பிள்ளை? எனக்கு ஒண்டும் தெரியாது. நான் ஒண்டிலையும் இல்லை. முகாமிலையும் இதைத்தான் சொன்னனான்."

அவர் கையை அந்த அம்மாவின் முதுகுக்குக் கீழே கொடுத்து, மெல்ல நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இயக்கமில்ல கா, விளையாட்டு. அந்தா அங்கால இருந்து கத்திறாளுகளே, அவளுகள்தான் நமக்கு எதிரி" என்றார். "வேற எதிரி உங்களுக்கு இனி ஒருத்தரும் இல்ல."